பூங்காவனத்தின் மூக்குப் பரு

ஐம்பத்தேழு வயதில் பூங்காவனத்துக்கு முகமெல்லாம் பரு வந்தது. வயசுக்கு வந்த காலத்தில்கூட எட்டிப் பார்க்காதது, திருமழிசை கம்பெனி கேன்டீனில் முப்பது வருஷம் சாம்பார் கிண்டி முடித்த பிறகு மூக்கு, நெற்றி, மோவாய் என்று இடம் பார்த்துக் குடியேறியது. நுரையீரல் புற்றுநோய்க்குத் தினமும் விழுங்கும் மாத்திரையின் வேலை அது. "பயப்படாதீங்கம்மா, பல பேருக்கு மருந்து வேலை செய்யறதுக்கு இதான் அடையாளம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நூம்பலில் அவள் தெருவுக்கு விஷயம் தெரியாது. புற்று என்று சொன்னால் உயிரோடு இருக்கும்போதே ஒப்பாரிக்கு ஒத்திகை பார்ப்பார்கள் என்பது அவள் கணிப்பு. அதனால் எதிர்வீட்டு அங்கம்மா அவள் முகத்தைப் பார்த்ததும் "ஆத்தா வந்துகீறாடி!" என்று வாசலில் வேப்பிலை செருகியபோது, அம்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். இளநீரும் மோரும் வரிசையாக வந்தன. ஊருக்கெல்லாம் சோறு போட்டவளுக்கு உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. சுகமாகத்தான் இருந்தது.

மறுநாள் அங்கம்மா மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். "ஆத்தா கீற ஒடம்புல மாத்திரையா? கோச்சிக்கினா இன்னா பண்ணுவே?" என்று பிடுங்கித் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். திருப்பிக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். நாலு நாள்தானே என்று பூங்காவனம் சும்மா இருந்துவிட்டாள்.

பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். முகம் பளபளவென்று இருந்தது, தெருவே மெச்சியது. பூங்காவனமோ கண்ணாடி முன்னால் நின்று மூக்கையும் மோவாயையும் தடவித் தடவிப் பரு தேடினாள். அடையாளம் போய்விட்டதே, உள்ளே அந்தச் சனியன் கொண்டாட்டமாக வளருகிறதோ? செத்துப்போவோம் என்ற பயம் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளைப் பிடித்து உலுக்கியது.

"அங்கம்மா, அது ஆத்தா இல்லடி. எனுக்கு நெஞ்சுல புத்து. பரு இருந்தா மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தமாம். அந்த மாத்திரைய குடு."

அழப்போகிறாள் என்று பூங்காவனம் காத்திருந்தாள். அங்கம்மா சுருக்குப்பையைப் பிரித்து அட்டையை எடுத்தாள், தண்ணீர் மொண்டு வந்தாள். "மொதல்ல முழுங்குடி முண்டம். அழுவறத அப்பறம் வச்சிக்கலாம்."

அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னதும் டாக்டர் கிழி கிழியென்று கிழித்தார். பருவுக்குக் களிம்பு இருக்கிறது, தன்னைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார்.

அதிலிருந்து தினமும் காலையில் அங்கம்மா வந்து, அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எட்டு நாள் ஒன்றும் காணோம். இரண்டு பேரும் காபியைக் குடித்துவிட்டு மறுநாளுக்குக் காத்திருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் மூக்கு நுனியில் சிவப்பாக ஒன்று முளைத்திருந்தது.

"ஏய், வந்துட்ச்சிடி!" என்று கத்திய அங்கம்மா, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஒற்றைப் பருவின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.