தண்ணீர் தெளிக்காத மிஷின் கூடம்

ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு எதிர் அச்சகத்து மாரிமுத்து தெருவைக் கடந்து வந்தார். சீசனில் அவர் மிஷினை நிறுத்துகிறவரே அல்லர். "அண்ணே, அண்ணாச்சி போயிட்டாக" என்றார். என் கூட்டாளி ரத்தினசாமி அண்ணாச்சி இறந்த செய்தி, போட்டிக்காரர் வாயால்தான் எனக்கு வந்தது.

சிவகாசியில் அவரை அறிந்த உங்களுக்கு அவர் ஆத்திரமும் தெரியும். சுதந்திரம் வந்த பிறகும் கொழும்புத் தேயிலை வியாபாரிகள் லேபிளைச் சீமையில்தான் அச்சடித்தார்கள். "வெயிலு நம்மகிட்ட, ஆளு நம்மகிட்ட. படம் மட்டும் கப்பல்ல வரணுமாக்கும்?" என்பார். அலையாய் அலைந்து ஒரு கொழும்பு வியாபாரியிடம் மாதிரி அடித்துக்காட்ட ஆர்டர் வாங்கினார். அதை நம்பித்தான் புது மிஷினே வாங்கியிருந்தோம்.

லேபிளில் ஒரு கிளி. பச்சை அழகாக விழுந்தது. அடுத்து அடித்த சிவப்போ மூக்கை விட்டு விலகி நின்றது. நான் மையைத் திட்டினேன், மிஷின்காரரைத் திட்டினேன், கிளியையும் விட்டுவைக்கவில்லை. அண்ணாச்சி மிஷின் கூடத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் வழக்கம்போல வெக்கை தணியத் தரையில் தண்ணீர் தெளித்தார்கள். நம் ஊரில் தெளிக்காத கூடம் ஏது? அவர் துள்ளி எழுந்தார். "ஏலே, நிறுத்துலே! ஈரம் பட்டா தாளு நீளும்லா! பொறவு எப்படி ரெண்டாவது கலரு பொருந்தும்?"

அன்றோடு தண்ணீர் நின்றது. தாளையும் முதல் நாளே கூடத்தில் தொங்கவிட்டுக் காற்றுக்குப் பழக்கினோம். வேர்த்துக் கொட்டியது, ஆனால் சிவப்பு மூக்கிலேயே உட்கார்ந்தது. கொழும்புக்காரர் எங்கள் லேபிளையும் சீமை லேபிளையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் உங்களுடையது எது?" என்று கேட்டார். ஆர்டர் கிடைத்தது.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி எதிர்வாசலுக்குப் போய் மாரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டீகளே!" என்று கத்தினேன்.

"மாரிமுத்தா நமக்குப் போட்டி? போட்டி கப்பல்ல வருது. நாம மட்டும் நல்லா அடிச்சா நமக்கு ஒரு ஆர்டரு. ஊரே நல்லா அடிச்சா, சீமைக்குப் போறவன் இங்கன வருவான்" என்றார்.

அப்புறம் பாதி லோடு அடித்த நிலையில் எங்கள் ரோலர் முறிந்தது. கெடு தவறினால் ஆர்டர் போய்விடும். மீதியை மாரிமுத்து அடித்துக் கொடுத்தார். எந்தத் தாள் யார் அடித்தது என்று கொழும்புக்காரருக்குத் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. இன்று வெளியூர் வியாபாரிகள் அச்சகத்தின் பெயரைக் கேட்பதில்லை, சிவகாசி எங்கே என்றுதான் கேட்டு வருகிறார்கள். ஆனாலும் அண்ணாச்சி ஒரு சீசன் பொறுத்துச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் இன்றும் என் கட்சி.

அண்ணாச்சியைக் காடு சேர்த்துவிட்டு, கிணற்றில் முழுகி, அவர் மிஷின் முன்னால் விளக்கேற்ற நானும் மாரிமுத்துவும் போனோம். வாசலில் மாரிமுத்து என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேட்டி காயட்டும்ணே. ஈரத்தோட உள்ள போனா அண்ணாச்சி வைவாக."

சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. வெயிலில் நின்றபடி அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அண்ணாச்சி எனக்கென்று விட்டுப்போனது அந்தத் தோள்தான்.