மாடி வீட்டில் புகை

நான் பணி ஓய்வு பெற்ற அடுத்த வருடம், நாகல் நகரில் இருக்கும் எங்கள் வீட்டின் மாடியை நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தோம். யோசனை சென்னையில் இருக்கும் மகனுடையது. அவனே படம் எடுத்து, செயலியில் ஏற்றி, "அம்மா, வர்றவங்ககிட்ட சிரிச்ச முகமா இரு, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு வராத ஒன்றே ஒன்றைத்தான் அவன் கேட்டான். முப்பத்தோரு வருடம் அறிவியல் ஆசிரியை நான். கடைசி சில வருடங்கள் மாணவர் ஒழுங்குக்கும் நானே பொறுப்பு. கழிவறைக்குப் பின்னால் நின்று புகைத்துவிட்டு வகுப்புக்கு வருகிறவனை, அவன் வாசற்படி தாண்டும் முன்பே வாசனையில் பிடித்துவிடுவேன் என்று ஆசிரியர் அறையில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைப் பரப்பியது பெரும்பாலும் நானேதான்.

பழனிக்குப் போகிறவர்கள், கொடைக்கானலுக்குப் போகும் வழியில் ஒருநாள் தங்குகிறவர்கள், ஊரில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என்று ஆட்கள் வந்தார்கள். முதல் மாதமே கற்றாழைத் தொட்டியில் மூன்று சிகரெட் துண்டுகள் கிடந்தன. தலையணை உறையை இரண்டு தடவை துவைத்தும் வாடை போகவில்லை. உடனே 'புகை பிடிக்காதீர்' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். கூடத்தில் ஒன்று, பால்கனியில் ஒன்று, குளியலறையில் ஒன்று. பீரோக் கதவின் உள்பக்கத்திலும் ஒன்று ஒட்டினேன். பீரோவுக்குள் நின்று யார் புகைக்கப் போகிறார் என்று என் கணவர் கேட்டார். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார்.

"வர்றவங்க விருந்தாளிக. எட்டாம் கிளாஸ் பிள்ளைக இல்ல" என்றார்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. மதுரையிலிருந்து வந்த ஒரு கட்டட கான்ட்ராக்டர், வயது ஐம்பது இருக்கும், பால்கனியில் நின்று புகைத்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தேன். பழக்கதோஷத்தில், "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கிறுக்குத்தனம் என்று எனக்கே உறைத்தது. ஆனால் அந்த மனிதர் பேனா கேட்டார். 'மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு' என்று தொடங்கி, இனி இத்தவற்றைச் செய்ய மாட்டேன் என்று முடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் செயலியில், 'வீடு சுத்தம். பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வந்தன' என்று எழுதியிருந்தார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் போன் செய்து நெடுநேரம் பேசினான்.

அதற்குப் பிறகு பெங்களூரில் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். செருப்பைப் படியிலேயே கழற்றி வைத்தார்கள். குரல் உயர்த்திப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவர்கள் காலி செய்ததும் மேலே போனேன். அறை முழுக்க மாம்பழ வாசனை. சன்னல் திரையில்கூட. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனையோ பேர் வந்து போனார்கள், அறையை இப்படி மணக்க விட்டுப் போனவர்கள் இவர்கள்தான் என்று செயலியில் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'நறுமணமுள்ள இளைஞர்கள்' என்றும் எழுதினேன்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மஞ்சள் நிறத்தில் தடிமனான ஒரு பேனா கிடந்தது. வரிகளுக்கு மேல் வண்ணம் தீட்டுகிற ஹைலைட்டர் என்று எண்ணினேன். காலண்டரில் கோடு போட்டுப் பார்த்தேன், எழுதவில்லை. மை காய்ந்துவிட்டது போல. பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவுக்குச் செய்வது மாதிரி அதன் நுனியை நாக்கில் வைத்து ஈரப்படுத்திப் பார்த்தேன். மாம்பழம்!

அந்தத் தம்பிகளில் ஒருவருக்குப் போன் செய்தேன். "ஹைலைட்டரை மறந்துட்டுப் போய்ட்டீங்க."

பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கிசுகிசுத்தார். பிறகு, "அது... பரவால்ல ஆன்ட்டி. தூக்கிப் போட்டுருங்க" என்றார்.

"அடுத்தவங்க பொருள் எங்க வீட்ல தங்கக் கூடாது. கூரியர்ல அனுப்புறேன்" என்றேன். "வேணாம் ஆன்ட்டி, ப்ளீஸ் ஆன்ட்டி" என்று கெஞ்சியதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

கூரியர் கடை நடத்துகிறவர் என்னிடம் படித்தவர். இப்போது முன்தலை வழுக்கை. என்னைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். "உள்ள என்ன டீச்சர்?" என்றார். சொன்னேன். அனுப்பும் பொருளைப் பார்த்துத்தான் கட்டவேண்டும் என்பதால் உறையைப் பிரித்தார். பிரித்தவர், எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரையும் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர்... இது ஒங்களோடதா?"

"எங்க மாடியில தங்குன தம்பிகளோடது."

"அப்பாடா" என்று மூச்சு விட்டார். "இது எழுதுறது இல்ல டீச்சர். ஊதுறது. வேப்னு சொல்வாங்க. நம்ம நாட்டுல இத விக்கவே கூடாது. நான் அனுப்புனேன்னா என்னையப் புடிச்சு உள்ள வச்சுருவாங்க."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அவர் அதைத் திரும்ப உறைக்குள் போட்டு, பூனைக்குட்டியைக் கொடுப்பது போல என் கையில் கொடுத்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் இவரைப் பிடித்து அசெம்பிளியில் நிறுத்தியது நான்தான்.

"நீங்க மட்டும் அன்னிக்குப் புடிக்கலன்னா நான் கெட்டுப்போயிருப்பேன் டீச்சர். அதுக்கப்புறம் தொடவே இல்ல."

"நெசமாவா?"

"ஒரு வருசம்" என்று சிரித்தார்.

அவமானப்பட்டவள் அத்தோடு அடங்கியிருக்கலாம். நான் அன்றைக்கே உட்கார்ந்து, வேப் புகை எப்படி இருக்கும், எந்தெந்த வாசனையில் வரும் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். வெள்ளையாக இருக்குமாம். பழ வாசனையிலும் புதினா வாசனையிலும் வருமாம். இனி என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்கட்டுப் பக்கம் எழுந்து போனார்.

இரண்டு வாரம் கழித்துப் பொள்ளாச்சியிலிருந்து கணவன் மனைவி இருவர் வந்தார்கள். அந்த அம்மாவின் அண்ணன் மகளுக்கு மறுநாள் நம்மூர் மாதா கோயிலில் திருமணத் திருப்பலி. சாயங்காலம் நாலரை மணிக்கு மொட்டைமாடியில் துவைத்த விரிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே குளியலறை வென்டிலேட்டர் வழியாகப் புகை வந்தது. வெள்ளைப் புகை. குபுகுபுவென்று. காற்றில் தைலமா புதினாவா என்று பிரிக்க முடியாத ஒரு நெடி.

விரிப்புகளைப் போட்டது போட்டபடி இறங்கி ஓடினேன். கதவை இரண்டு கையாலும் தட்டினேன். "கதவத் தெறங்க! உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்!"

கதவு திறந்தது. அந்த அம்மா நின்றார். தலையில் ஈரத்துண்டு, முகம் தக்காளியாகச் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, எங்காச்சும் தீப்புடிச்சிருச்சுங்களா?" என்றார். குரலே எழும்பவில்லை.

"உள்ள... பொகை..."

"ஆவி புடிச்சுட்டிருந்தேனுங்க. நாளைக்கு அண்ணன் புள்ளை கல்யாணத்துல நாந்தான் பாடோணும். தொண்டை கட்டிக்கிச்சு. ரூமுக்குள்ள புடிச்சா உங்க மெத்தை ஈரமாயிருமேன்னு பாத்ரூமுக்குள்ள போயி உக்கோந்துட்டனுங்க."

அவர் தோளுக்குப் பின்னால் வாளியும் ஆவியும் தெரிந்தன. நீராவிக்கும் புகைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக என்று நான் எத்தனை வினாத்தாள்களில் கேட்டிருப்பேன்! பாதி எழுதியவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான் போட்டேன். என் வாயில் அப்போது வந்தது இதுதான்: "சுடுதண்ணி போதுமான்னு கேக்க வந்தேன்."

"இன்னுங் கொஞ்சம் கெடச்சா புண்ணியமாப் போகுங்க" என்றார்.

கீழே வந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். சமையலறைச் சன்னல் பின்கட்டைப் பார்த்தது. மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து இரண்டு ஆண் குரல்கள் கேட்டன. ஒன்று அந்த அம்மாவின் கணவருடையது. இன்னொன்று என் கணவருடையது.

"இந்த எடத்துல நின்னுக்கங்க. காத்து அந்தப் பக்கமாப் போயிரும். சமையக்கட்டுக்கு வராது" என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். நிதானமான, அனுபவப்பட்ட குரல். மோட்டார் ரூமின் கூரைக்கு மேலே இரண்டு கோடாகப் புகை ஏறியது. இந்தத் தடவை அது ஆவி இல்லை.

மகன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது என் கணவர் சிகரெட்டை விட்டுவிட்டார். அப்படித்தான் என் கணக்கு. என் கட்டுப்பாட்டுக்கு உதாரணமாக இதைச் சக ஆசிரியைகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

கொதித்த தண்ணீரைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். விருந்தாளி என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அச்சு அசல் ஒன்பதாம் வகுப்பு. என் கணவர் மறைக்கவில்லை.

"எம்புட்டு நாளா?"

"விட்டாத்தான. ஒரு நாளைக்கு ஒண்ணு. இந்நேரத்துக்கு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலயே. போர்டுதான எழுதி மாட்டுன" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் பாத்திரம் கையைச் சுட்டது. மாடிக்குப் போய்த் தண்ணீரை வாளியில் ஊற்றினேன். அந்த அம்மா நன்றி சொன்னபோது என்னால் பொறுக்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேப் என்று நினைத்துத்தான் கதவைத் தட்டினேன் என்பதை, ஹைலைட்டரை, கீழே நடப்பதை. அவர் சிரித்தார், இருமினார், இருமிக்கொண்டே மறுபடி சிரித்தார்.

"ஊதறவங்க ரெண்டு பேரும் அங்க நிக்கறாங்கொ. நீங்க என்னையப் புடிக்க வந்தீங்களாக்கும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "நாளைக்கு ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வந்துருங்க" என்றார். நான் மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்குப் போனோம். ஆட்டோவில் நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டே போனோம். அந்த அம்மா பாட ஆரம்பித்தபோது முதல் அடி உடைந்துவிட்டது. ஒரு கணம் நிறுத்தி, தொண்டையைச் செருமி, சுருதியைக் கொஞ்சம் இறக்கி மறுபடி தொடங்கினார். அதற்குப் பிறகு கோயிலில் யாரும் அசையவில்லை. எனக்குக் கண் கலங்கியது. என் கணவர் கைக்குட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது மாடியில் ஒரே ஒரு அட்டைதான் தொங்குகிறது. புகைப்பவர்கள் பின்கட்டுக்கு வரலாம் என்று அம்பு போட்டு எழுதியிருக்கிறேன். அங்கே இரண்டு நாற்காலியும் மணல் போட்ட ஒரு பழைய வாளியும் வைத்தோம். கணவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். விட்டுவிடச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தார் என் கணவர். நாளுக்கு ஒன்று என்பது ஒன்றுவிட்டு ஒருநாள் என்றாகியிருக்கிறது. என்னிடம் சொல்வது அப்படித்தான்.

அவர் ஊதுகிற நாளில் நானும் டீயை எடுத்துக்கொண்டு போய்த் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். இத்தனை வருடமாக இங்கே தனியாக நின்று என்னதான் யோசித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் யோசிக்கல. கொய்யா மரத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன்" என்றார்.

நானும் பார்த்தேன். உச்சிக் கிளையில் மூன்று காய்கள் பழுத்திருந்தன. ஒன்றை அணில் பாதி தின்றிருந்தது.