காய்ச்சக் கூடாத செடி

புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ஸ்படைனா தெருவில், நான் குளிருக்கு ஒதுங்கிய சீன மருந்துக் கடையில், காய்ந்த செடியொன்று கைப்பாய் மணத்தது. மலேரியாவுக்கு அதிலிருந்துதான் புது மருந்து எடுத்திருக்கிறார்களாம். "முதலில் காய்ச்சினார்கள், சூட்டில் குணம் போய்விட்டது. பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கத்தான் பழைய ஏட்டில் இருந்தது," என்றார் கடைக்காரர்.

சின்ன வயதில் மன்னாரில் எங்கள் அடுப்படியும் இப்படித்தான் மணத்தது. தங்கச்சி மலேரியாவில் நடுங்கிக்கொண்டு பாயில் கிடந்தாள். அம்மா காய்ச்சல் மூலிகையான பற்படாகத்தைச் சுண்டச் சுண்டக் காய்ச்சினா.

"அண்ணை, நீ முதல் குடி. மூஞ்சையைச் சுழிக்காட்டி நானும் குடிக்கிறன்."

சிரித்துக்கொண்டே குடித்துக் காட்டினேன். அவளும் குடித்தாள். காய்ச்சல் விடவில்லை. அந்த மாரியிலேயே போய்விட்டாள்.

"வீட்டில் யாருக்குக் காய்ச்சல்?" என்று கடைக்காரர் கேட்டார். ஒருவருக்கும் இல்லையென்று தலையாட்டினேன். இந்தச் செடி அன்று எங்கள் கையில் இருந்திருந்தாலும், அம்மா அதையும் சுண்டத்தான் காய்ச்சியிருப்பா.