ஞானம்மாவின் கதவில் ஒரு வட்டம்

எங்கள் தெருக்காரர்களுக்கு வாய் நீளம், தைரியம் குட்டை. நானும் அங்கேதான் குடியிருக்கிறேன், அதனால் தாராளமாகச் சொல்வேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் நாற்பத்தேழு வீடுகள். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், இப்போது கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பெனி கேட்டில் வரிசையில் நிற்கிறோம். இத்தனை வீட்டிலும் முதுகெலும்பு உள்ள ஆள் ஒருத்திதான், சுகாதாரத் தன்னார்வலர் ஞானம்மா.

2007-இல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். மனசு சரியில்லாதவர்களைச் சங்கிலியில் கட்டும் நிலை வரும்வரை விடாமல், முதலிலேயே கண்டுபிடித்து மருந்து கொடுப்பது. மாதம் ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து டாக்டர் வருவார். "வெள்ளம் வருமுன் அணை போடணும்" என்றார் திட்ட அலுவலர் பூவராகவன். நல்ல யோசனைதான். வீடு வீடாகப் போய் விசாரிக்கும் வேலை ஞானம்மாவுக்கு. தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று ஐந்து கேள்வி.

கேட்டாள், எழுதிக்கொண்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் போலியோ சொட்டு மருந்துக்காகக் கதவு கதவாகச் சாக்பீஸால் குறி போட்டுப் பழகிய கை அது. டாக்டரிடம் போக வேண்டியவர்கள் இருந்த ஒன்பது வீட்டுக் கதவிலும் ஒரு வட்டம் போட்டுவைத்தாள், சனிக்கிழமை கூப்பிட்டுப் போக வசதியாக இருக்கட்டும் என்று.

சாயங்காலத்துக்குள் தெருவே அந்த வட்டத்துக்கு அர்த்தம் சொல்லிவிட்டது. பைத்தியக்கார வீடு! என் தம்பிக்காக என் கதவிலும் ஒன்று இருந்தது. ஈரத் துணியை எடுத்து, கதவுச் சாயமே போகிற மாதிரி தேய்த்தேன்.

வட்டம் விழுந்த இன்னொரு வீட்டுக்காரர் சாலமோன் தேய்க்கவில்லை. நைட் டூட்டிக்குப் போய்விட்டு விடிந்து திரும்பியவர் கதவைக் கவனிக்கவில்லை. அவருடைய மகள் ஜெனிபருக்கு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மூன்று வாரமாகப் போகவில்லை. தலை வாராமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். "எனுக்கு இன்னாவோ ஆவுதுக்கா" என்று ஞானம்மாவிடம் அவளே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். மறுநாள் ஊத்துக்கோட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கதவைப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள், காபிகூடக் குடிக்காமல் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார்கள்.

சாலமோன் நடுத்தெருவில் ஞானம்மாவை மடக்கினார். "எம் பொண்ணு வாழ்க்கைய தெருவுல போட்டு ஒடச்சிட்டியே!"

"தப்புதாண்ணா. எனுக்குப் புத்தியில்ல. ஆனா சனிக்கிழம அவள இட்டுக்கினு வா. இப்பவே பாத்தா சரியாயிடும்ணா."

"டாக்டரும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஊருக்கெல்லாம் வட்டம் போட்டியே, உன் ஊட்டுக் கதவு மட்டும் இன்னா சுத்தமா கீது?"

ஞானம்மா திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

பூவராகவன் ஜீப்பில் வந்தார். "எல்லாத்தையும் அழிச்சிடும்மா. பேரு கெட்டுப்போச்சு. வேற ஊர்ல ஆரம்பிச்சுக்கலாம்."

"அழிச்சிட்டா ஜெனிபருக்குத் தூக்கம் வந்துடுமா சார்?"

 கேட்டுவிட்டு ஞானம்மா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். அவளுடைய கணவர் துளசிராமன் கம்பெனியில் பெயிண்டர். மிச்சப் பச்சைப் பெயிண்டையும் பிரஷையும் எடுத்து வந்தாள். ஷிஃப்ட் பஸ் வந்து ஜனம் இறங்குகிற நேரம். அத்தனை பேர் பார்க்க, தன் வீட்டுக் கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போட்டாள்.

"நல்லா பாத்துக்கோங்க! பெரியவன் பொறந்தப்போ மூணு மாசம் எனுக்குத் தூக்கம் கெடையாது. பெத்த கொழந்தயத் தூக்கவே புடிக்கல. பெரியபாளையம் ஆத்தா கோயில்ல வேண்டிக்கினு வேப்பஞ்சேல கட்டிக்கினேன். ஆத்தாள நான் கொற சொல்லல. ஆனா மெட்ராஸ்ல குடுத்த மாத்திரையிலதான் எழுந்தேன். ரெண்டு வருசம் அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சிக்கினு முழுங்கினேன். மொத வட்டம் என் கதவுல போட்டிருக்கணும். பயந்துக்கினு உட்டுட்டேன். இனிமே பயம் இல்ல. எவன் இன்னா பேசணுமோ, என் மூஞ்சிக்கு நேரா பேசு!"

பக்கத்தில் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு துளசிராமன் நிமிர்ந்தே நின்றிருந்தார். எனக்குத்தான் தலை குனிந்தது. சாலமோன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை ஞானம்மா சுகாதார நிலையத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சீட்டு வாங்கி உட்கார்ந்தாள். பத்தரை ஆயிற்று, ஒரு ஆளும் இல்லை. பூவராகவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு சாலமோனின் மொபெட் வந்து நின்றது. பின்னால் ஜெனிபர், தலை வாரிப் பின்னியிருந்தாள்.

"நீயும் கூட உள்ள வா ஞானம்மா" என்றார் சாலமோன். "பொண்ணு பயப்படுது. எனுக்கும் பயமாத்தான் கீது."

அவர்களுக்குப் பின்னால் நானும் தம்பியும் போய்ச் சேர்ந்தோம். முன்வரிசையில் உட்கார்ந்தேன் என்று பெருமை பேசமாட்டேன். கடைசி பெஞ்சுதான்.

நான்கு மாதத்தில் ஜெனிபர் மறுபடி வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு நடந்த திட்டக் கூட்டத்தில் பூவராகவன், "டாக்டர் வந்து உக்கார தெருவுக்குள்ளேயே ஒரு இடம் பாருங்க. வெளிய போர்டு கீர்டு வேணாம், ஜனங்க கூச்சப்படுவாங்க" என்றார்.

"என் ஊட்லயே வெச்சுக்கலாம் சார்" என்றாள் ஞானம்மா. "ஆனா போர்டு ஏற்கெனவே கதவுல கீது. பெயிண்டு சார், தொடச்சாலும் போவாது."