ரொறொன்ரோவிலிருந்து கொட்டாஞ்சேனை வாசல் வரை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இரண்டு மேசை போட்ட ஒரு விமான டிக்கெட் கடையில் மெற்றில்டா பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். இதுவரை விமானம் ஏறியதில்லை. ஆனாலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் யாராவது கண்ணை மூடினால், அடக்கத்துக்கு நேரம் குறிக்க முன் இவரிடம்தான் வருவார்கள். டிக்கெட்டில் உள்ள நேரத்தை அவர் சொல்வதில்லை. பிள்ளை வீட்டு வாசலில் கால் வைக்கும் நேரத்தைச் சொல்வார். போகும் செத்தவீடுகளில் எல்லாம் விசாரித்துக் கொப்பியில் எழுதி வைத்த நேரங்கள் அவை.

கடந்த ஓகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை பிறெடி வந்தார். தாய் விடியற்காலை இறந்திருந்தார். ஒரே தங்கை ரொஷேல் ரொறொன்ரோவில். அங்கிருந்து அவள் புறப்படுவது எங்கள் நேரப்படி வெள்ளி காலை எட்டு மணிக்கு.

“சனி காலை பத்துக்கு அடக்கம் எண்டு ஃபாதரிட்டச் சொல்லிட்டன் அக்கா. கூகிள்ல பதினாலாயிரம் கிலோமீட்டர். பிளேன் மணித்தியாலத்துக்குத் தொள்ளாயிரம் போகுது. பதினாறு மணித்தியாலம். கணக்குச் சரிதானே?”

“கணக்குச் சரி தம்பி. அப்பிடி ஒரு பிளேன்தான் இல்ல.”

மெற்றில்டா அவருடைய போனை வாங்கி, தங்கை அனுப்பியிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். டுபாயில் பத்து மணித்தியாலக் காத்திருப்பு. கட்டுநாயக்கவில் இறங்குவது சனி பதினொன்றரைக்கு.

“இருபத்தேழரை மணித்தியாலம். வாசலுக்கு ஒண்டரை. பத்துக்கு அடக்கம் வச்சா தங்கச்சி மண்ணைத்தான் பாப்பா.”

பிறெடி உட்கார்ந்துவிட்டார். மெற்றில்டாவே ஃபாதருக்குப் போன் எடுத்தார். “மெற்றில்டா சொன்னா மூண்டுக்கு வைப்பம்” என்றார் ஃபாதர்.

சனிக்கிழமை ஒன்றரைக்கு வாசலில் வான் இல்லை. ஒன்றே முக்காலுக்கும் இல்லை. இரண்டே முக்காலுக்குப் பெட்டியை மூடிக் கோயிலுக்குத் தூக்க வேண்டும். செத்தவீட்டுக்கு வந்திருந்த மெற்றில்டா ரொஷேலுக்குப் போன் எடுத்தார். அவள் இன்னும் விமான நிலையத்துக்குள், பை வரும் பட்டி அருகே நின்றாள்.

“பேக் வரேல்ல அன்ரி. அம்மாட பேத்டேக்கு வாங்கின சாறி அதுக்குள்ளதான் இருக்கு. அதைப் போட்டு விடோணும்.”

“பேக் நாளைக்கும் வரும் பிள்ளை. அம்மா நாளைக்கு இருக்க மாட்டா. உடன வெளிய வா.”

 “சரி அன்ரி, வாறன்.”

இரண்டு முப்பத்தெட்டுக்கு வான் வந்து நின்றது. ரொஷேல் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். தாயின் முகத்தோடு அவளுக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். பெட்டி மூடிய பிறகும் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கோயிலுக்குப் பத்து நிமிடம் பிந்தித்தான் போனார்கள்.

இப்போது செத்தவீட்டுக்கு வருகிறவர்களுக்கு டிக்கெட் போடும்போது மெற்றில்டா முதலில் கேட்பது நேரத்தை அல்ல.

“கையில ஒரு பேக் மட்டும். லக்கேஜில வேற ஒண்டும் போடாதீங்கோ. சரியோ? அப்ப டிக்கெட் எழுதட்டா?”