சீர்த்தட்டோடு வந்த சக்கரங்கள்

“...அப்ப என் மனசு நோகுமேன்னுதான் பேசாம ஓட்டிட்டு வந்தியா மாப்ள? பிள்ளை என் மடியில இருக்குறது தெரியலையா உனக்கு?”

போன வருஷம், பேரையூர் போகும் சாலையில், பிக்கப் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியதும் என் மச்சான் கேட்டது இது. நல்ல மத்தியான வெயில். எனக்கு வேர்த்தது வெயிலால் இல்லை.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் மைக்செட், லைட்செட் வாடகைக்கு விடுகிறவன் நான். டிரெய்லரில் ஜெனரேட்டரை ஏற்றி, பிக்கப்பின் பின்கொக்கியில் மாட்டி, திருவிழா திருவிழாவாக இழுத்துப் போவதுதான் பிழைப்பு. பிக்கப்பின் டயர்கள் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. பழைய அளவிலேயே போடுவதா, ஒரு சுற்று பெரிசாகப் போடுவதா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். “விரலுக்குத் தகுந்த வீக்கம்தாண்ணே. இழுவை வண்டிக்கு அழகு முக்கியமில்ல, அதே சைஸ்ல லோடு டயரா போடுங்க” என்றார் டயர் கடைக்காரர். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அந்த நேரம் பார்த்து என் மகளுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் வருகிறதென்றால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். என் மனைவியின் அண்ணன், அதாவது இந்த மச்சான், கொட்டுமேளத்தோடு வந்தார். பழத்தட்டு, வளையல் தட்டு, பட்டுப்பாவாடை... அதற்குப் பின்னால் ஆளுக்கொன்றாகத் தலையில் சுமந்து வந்தார்கள், நான்கு அலாய் சக்கரங்கள்! அகலமான புது டயரோடு, சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி. மதுரைக் கடையில் என் வண்டியின் பெயரைச் சொல்லி, போல்ட் பொருந்துமா என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

“என் தங்கச்சி வீட்டு வண்டி வழுக்கத் தலையோட திரியலாமா?” என்றார். பந்தலே சிரித்தது.

சக்கரம் பழையதைவிட உயரம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு டயரின் பக்கவாட்டில் ஓர் எண் இருக்கும். அதைத் தேடிக் கை போனது. ‘தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பது ஞாபகம் வர, கையை இழுத்துக்கொண்டேன். சபை நடுவில் தாய்மாமன் சீரைப் புரட்டிப் பார்த்தால் அவர் முகம் என்னாகும்?

அந்தச் சக்கரங்களோடு முதல் இழுவை, பேரையூரைத் தாண்டி ஒரு ஊர்த் திருவிழாவுக்கு. தான் வாங்கிக் கொடுத்தது ஓடுகிற அழகைப் பார்க்க மச்சானும் ஏறிக்கொண்டார், மகளை மடியில் வைத்துக்கொண்டு. காது குத்தும்போது அவள் உட்கார்ந்திருந்த அதே மடி.

கிளம்பியதிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டியின் பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் டிரெய்லர் மூக்கைத் தூக்கி, பாரத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வந்தது. வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தால் எங்கோ ‘கரக் கரக்’ என்று உரசியது. கண் ஒரு கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடிக்கு ஓடும். நடுவில் பிள்ளையின் புதுத் தோட்டில் ஒரு கணம் நிற்கும். சத்தம் கேட்க வேண்டுமென்று பாட்டையும் நிறுத்திவிட்டேன்.

“என்ன மாப்ள, கண்ணாடியவே அம்புட்டு நேரமாப் பாக்குற? பின்னால எவனும் தொரத்திட்டு வாரானா?” என்று மச்சான் சிரித்தார்.

“சும்மாதான் மச்சான்.”

எதிரே ஒரு லாரி விர்ரென்று கடந்தது. அதன் காற்று மோதியதுதான் தாமதம், டிரெய்லர் நாய் வாலாட்டுவதுபோல் இப்படியும் அப்படியும் வீச ஆரம்பித்தது. கூடவே பிக்கப்பும் ஆடியது. பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் அடங்கியதும் வண்டியை ஓரங்கட்டினேன். திரும்பிப் பார்த்தால், மச்சான் பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

“ரோடு சரியில்ல மச்சான்” என்றேன்.

அவர் சாலையைப் பார்த்தார். புதிதாகப் போட்ட தார்ச்சாலை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பாரம் தாங்காமல் சூடேறியிருந்த பின்டயரில் கை வைத்துப் பார்த்து, சுட்டதும் வெடுக்கென்று எடுத்தார். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். மட்கார்டின் உள்ளே ரப்பர் சீவிக் கிடந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

இப்போதெல்லாம் யார் பிரியமாக எதைக் கொடுத்தாலும், அவர்கள் முன்னாலேயே புரட்டிப் பார்த்துவிடுகிறேன். பிரியம் அவ்வளவு சுலபமாக முறியாது என்பதை அன்றைக்கு அந்த மனிதரிடம் பார்த்துவிட்டேன். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார் என்றல்லவா நினைத்தேன்?

“சீர் கொண்டாந்ததை ஊரு பூரா சொன்னேன். சைஸு தப்புன்னு நானே சொல்லிக்கிறேன். நீ பிள்ளையப் பிடி” என்றவர், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். வந்த டிராக்டரைக் கை காட்டி நிறுத்தி, ஓட்டி வந்தவரிடம் கெஞ்சி, என் கொக்கியிலிருந்து டிரெய்லரைக் கழற்றி அதில் மாட்ட வைத்தார். பிறகு அந்த டிராக்டரின் மட்கார்டில் ஏறி, பின்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வெறும் வண்டியில் பிள்ளையோடு வந்த என்னைப் பார்த்து, பேரையூர் வரைக்கும், “மெதுவா, மெதுவா” என்று கையசைத்துக்கொண்டே போனார்.