கிரேன் கூண்டில் என் மனைவி

கும்மிடிப்பூண்டியில், உலையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இருபது வருடம் கிரேன் ஓட்டினேன். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதில் தொங்கும் கூண்டுதான் என் இடம். ஆலையை மூடிய பிறகு அதே கேட்டில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. அந்தக் கட்டடத்தை நவீன ஓவியங்களும் சிற்பங்களும் வைக்கும் அருங்காட்சியகமாக மாற்றப் போகிறார்கள் என்றதும், கிரேன் பழைய இரும்புக்குப் போய்விடும் என்றே நினைத்தேன்.

மாற்றிக் கட்டும் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண் ஆர்க்கிடெக்ட். முதலில் வந்த சிற்பம் இரும்புத் தகடுகளை மடித்துச் செய்தது, ஒரு லாரி நிறைய இருந்தது. வெளியே பெரிய கிரேன் நிறுத்தி, கூரையைப் பிரித்துத்தான் இறக்க வேண்டும் என்று காண்ட்ராக்டர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“இன்னாத்துக்கு மேடம் கூரையப் பிரிக்கணும்? மேல கிரேன் கீதே. ரோப்பு மாத்தி, ஒயரு இழுத்து, கிரீஸ் வெச்சா ஓடும்.”

“உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?”

“நாந்தான் ஓட்னேன்.”

ஆள் வைத்துப் பழுது பார்த்து, எடை தூக்கிச் சோதிக்க ஒரு மாதமானது. சிற்பம் அதுவரை வெளியே தார்ப்பாய்க்குள் கிடந்தது. பிறகு லாரியில் ஏற்றி உள்ளே கொண்டுவந்ததும், நானே கூண்டில் ஏறி அதைத் தூக்கி அதற்கான இடத்தில் வைத்தேன். அது என்ன உருவம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். ஆலையில் யாரும் எனக்குக் கை தட்டியதில்லை.

திறப்பதற்கு முன்பு, “வீட்ல இருக்கவங்களக் கூட்டிட்டு வாங்கண்ணா” என்றார் அந்த அம்மா. ஆலை ஓடிய காலத்தில் குடும்பத்தாரைக் கேட்டுக்குள் விட்டதே கிடையாது. கவரைப்பேட்டையிலிருந்து என் மனைவி பஸ் ஏறி வந்தாள். ஓவியங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, “நீ எங்க குந்திக்கினு இருப்ப?” என்றாள். முட்டி வலியோடு இரும்புப் படியேறிக் கூண்டுக்குள் வந்தாள்.

“கீழ உலை எரிஞ்சா அனலு இங்க வராது?”

“வரும். ஷிஃப்டு முடியிற வரிக்கும் வரும்.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். “ஊட்டுக்கு வந்ததும் மூஞ்சத் திருப்பிக்கினு படுத்துக்குவியே. எம்மேல இன்னா கோவமோன்னு நெனச்சுக்கினு இருந்தேன்யா, இத்தினி வருசமா.”

“கோவம் இன்னாடி? பேசத் தெம்பு இருக்காது.”

“அத அப்பவே சொல்றதுக்கு இன்னா?” என்று என் தோளில் ஓர் அடி போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் ஆர்க்கிடெக்ட் அம்மாவைத் தேடிப்போய் நன்றி சொன்னேன். எதற்கு என்று கேட்டார். முழுசாகச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“உள்ள விட்டதுக்கு மேடம்” என்றேன்.